தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன்

நுழையுமுன்

அறுவை மருத்துவருக்கு வேண்டிய கருவிகள் யாவை என்று வினவினால், கத்தி, கத்தரி, ஊசி, நூல் என்று விடை கூறுவோம். நோயாளியின் மொழியும் அக்கருவிகளுள் ஒன்று என்று கருதிய மருத்துவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் தமிழ் நிலத்தில் பிறந்தவர் அல்லர். இருபத்து நான்காம் அகவை வரை தமிழ் ஒலிக்கும் ஊரில் வாழ்ந்தவரும் அல்லர். எனினும், தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். அதற்குரிய நூல்களையும் உருவாக்கினார். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் கல்வியும்

வட அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் நகரம் உள்ளது. அந்நகரின் அருகே கிறீன் குடும்பத்தினருக்குரிய பண்ணை நிலம் இருந்தது. கிறீன்ஹில் என்று வழங்கப்பட்ட அவ்விடத்தில் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் சாமுவேல் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். அவர்களுள் ஒருவரான அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் வளர்ச்சிக்கும் அங்குள்ள புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்காவின் உருவாக்கத்திற்கும் உழைத்தவர். அண்ணன் உலகின் பெருநகர் ஒன்றை வடிவமைத்தார். தம்பியோ கடல் கடந்து சிற்றூர் ஒன்றில் மருந்தகம் நடத்தினார்.

சாமுவேல் சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக் கல்விக்குப் பின் நியூயார்க் சென்று சிலகாலம் சமயப்பணிச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிந்தார். பிறகு அந்நகரில் இருந்த மருத்துவர், அறுவையர் கல்லூரியில் சேர்ந்து பயின்று, 1845ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

அக்காலத்து அறுவை மருத்துவம் இன்றைய நிலையில் இல்லை. உணர்வை நீக்கும் மயக்க மருந்து அப்பொழுது வழக்கிற்கு வரவில்லை. நோயாளி விழித்திருக்கும்பொழுதே உடலை அறுக்க வேண்டும். அவர் திமிறாமல் இருக்கப் பலர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆதலால், அறுவை செய்பவர் விரைந்து செய்து முடிப்பதே திறமை எனக் கருதப்பட்டது. கிறீன் பட்டம் பெற்ற மறு ஆண்டில், 1846ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் என்னும் மயக்க மருந்தின் துணையோடு அறுவை செய்து காட்டப்பட்டது. 1847இல் ஸ்காட்லாந்தில் சிம்ப்சன் என்பார் குளோரோபார்ம் என்னும் மருந்தின் பயனைக் கண்டறிந்தார். புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் என்பார் வெளியிட்டது அதற்கும் பின்னர், 1867இல்தான். இவ்வாறு, மருத்துவத்தின் முகமே மாறத் தொடங்கிய காலத்தில் கிறீன் தம் பணியைத் தொடங்கினார்.

கடல் கடந்த பயணம்

இலங்கையின் வடபகுதியான யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிஷன் என்னும் கிறித்தவ சமயப்பணி அமைப்பு இயங்கிவந்தது. அவ்வமைப்பினர் பள்ளிகள் பல நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கெனச் செமினறி என்னும் கல்விநிலையத்தை ஏற்படுத்தினர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே. அவ்வமைப்பின் வழியாக யாழ்ப்பாணத்திற்கு வந்த முதல் மருத்துவர் ஜான் ஸ்கடர். அவர் பண்டத்தரிப்பு என்னும் ஊரில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின் சென்னைக்குச் சென்றார். இன்று பெங்களூருவிலிருந்து இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் மருத்துவமனைக்குச் செல்வோர் பலர். அம்மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார், அந்த ஜான் ஸ்கடரின் பெயர்த்தியாவார்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவர் தேவை என்னும் அழைப்பைக் கிறீன் ஏற்றார். அவர் 1847இல் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில்தான். ஆகவே, அவர் ஏறிய பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல திங்கள் கடலில் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சென்னை வழியாக அவர் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சமயத்தைப் பரப்புவதும் அவர் வருகையின் நோக்கமே. எனினும், தமிழர் அவரை நெஞ்சில் நிறுத்தியது மருத்துவப் பணியாலும் தமிழ்ப் பணியாலுமே.

மானிப்பாய் மருந்தகம்

வட்டுக்கோட்டையில் சில திங்கள் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாய்க்கு வந்தார். பனைமரங்களும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது. அங்கு அவர் நடத்திய மருந்தகமே பின்னாளில் மருத்துவமனையாக வளர்ந்தது.

யாழ்ப்பாணத்திற்கு மருத்துவம் புதியதன்று. யாழ்ப்பாண அரசர் காலத்தில் தோன்றிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களை ஓதிய பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். காய்ச்சலுக்கும் கண்ணோவிற்கும் மக்கள் முதலில் அவர்களையே நாடினர். ஆதலால், வெள்ளை நிறத்தவரான இளைஞர் ஒருவர் கையில் கத்தியுடன் நின்றால் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. பிற வழிகள் பயன்தராத நிலையில்தான் பலர் அவரிடம் வந்தனர். நெடுநாள் வளர்ந்த கட்டிகளுடன் வந்தோர், எலும்பு முறிந்தோர், ஆறாப் புண்ணால் வருந்தியோர், மகப்பேற்றில் இடர்ப்பட்டோர் எனப் பலர் அவருடைய மருத்துவத்தைப் பெற்றனர். நலம்பெற்றுத் திரும்பியவர்கள் ஊரில் சொல்லிய சொற்களே பிறரை அம்மருந்தகத்திற்கு அழைத்து வந்தன.

யாழ்ப்பாணத்தை வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி தாக்கின. வாந்திபேதி எதனால் பரவுகிறது என்பது அக்கால மருத்துவ உலகிற்கே தெளிவாகத் தெரியவில்லை. மாசுற்ற நீருக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஜான் ஸ்னோ என்பார் இலண்டனில் 1854இல் எடுத்துக்காட்டினார். அதனை எல்லாரும் ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின. அத்தகைய காலத்தில் கிறீனும் அவருடைய மாணவரும் ஊர் ஊராகச் சென்று நோயுற்றோரைக் கவனித்தனர். நோயிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளைக் கூறும் சிறு வெளியீடுகளை எளிய தமிழில் அச்சிட்டு வழங்கினர். யாழ்ப்பாண நகரில் 1850இல் மக்கள் நன்கொடையால் ஒரு மருத்துவமனை தோன்றியது. அதன் பணிகளுக்கும் கிறீனும் அவர் மாணவரும் துணைநின்றனர்.

நோய்க்கு ஒரு மொழி

நோயாளி தம் துன்பத்தைச் சொல்லும் முறையிலேயே நோயைப் பற்றிய செய்தி பாதி அடங்கியுள்ளது. தமிழர் எல்லாத் துன்பத்தையும் வலி என்னும் ஒரு சொல்லால் குறிப்பதில்லை. பல் குத்துகிறது, காது குடைகிறது, கால் உளைகிறது, வயிறு கடுக்கிறது, கண் எரிகிறது, தோல் தினவெடுக்கிறது, தலை விண்விண் என்று தெறிக்கிறது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வு. வயிற்றுக் கடுப்பையும் வயிற்று எரிச்சலையும் ஒன்றெனக் கருதும் மருத்துவர் தவறான மருந்தையே தருவார். நோவு என்னும் சொல்லும் உண்டு. அச்சொல்லை யாழ்ப்பாணத்தார் இன்றும் அன்றாடம் வழங்குகின்றனர். பெங்களூருவில் கன்னடம் பேசுவோரும் வலியை நோவு என்றே சொல்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஒரே குடும்பத்து மொழிகளில் துன்பத்திற்கும் ஒரே பெயர் இருக்கிறது.

கிறீன் தமிழை ஊன்றிக் கற்றார். மொழிபெயர்ப்பாளரை இடையில் நிறுத்தி நோயாளியுடன் பேசுவது அவருக்குப் போதுமானதாக இல்லை. மக்களின் பேச்சையும் நூல்களின் நடையையும் ஒருசேரப் பயின்றார். மொழியைக் கற்கக் கற்க, அவர் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. ஒரு மருத்துவர் தமிழ் கற்றால் ஒரு மருந்தகம் பயன்பெறும். மருத்துவமே தமிழ் கற்றால் எத்தனை ஊர்கள் பயன்பெறும் என்பதே அவ்வினா.

ஆங்கிலமா, தமிழா?

மருந்தகம் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே கிறீன் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். மேலை மருத்துவ நூல் எதுவும் அப்பொழுது தமிழில் இல்லை. ஆகவே, தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். மாணவர்கள் ஆர்வத்துடன் பயின்று, தேர்ச்சியும் பெற்றனர்.

ஆனால், பயிற்சி முடித்தவர்களுள் பலர் ஊரில் தங்கவில்லை. ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கு அரசுப் பணி காத்திருந்தது. தொலைவிலுள்ள நகரங்களில் நல்ல ஊதியம் கிடைத்தது. அவர்கள் அதனை நாடியதில் குற்றம் காண இயலாது. ஆயினும், எந்தச் சிற்றூர்களுக்கு மருத்துவர் தேவை என்று கிறீன் இப்பணியைத் தொடங்கினாரோ, அச்சிற்றூர்கள் மருத்துவர் இன்றியே இருந்தன. அதுமட்டுமன்று, அயல்மொழியில் கற்ற அறிவை அயலாரின் நடையுடை பாவனைகளோடு சேர்த்தே மாணவர் ஏற்றனர். அதனால் அவர்களுக்கும் ஊர்மக்களுக்கும் இடையே ஒரு திரை விழுவதையும் கிறீன் கண்டார்.

நெடிது எண்ணிய கிறீன், இனித் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது என்று 1850களின் நடுவில் முடிவு செய்தார். வட்டுக்கோட்டைச் செமினறியை 1855இல் மூடி, தாய்மொழிக் கல்விக்கு முதலிடம் தர அமெரிக்க மிஷன் முனைந்த காலமும் அதுவே. இம்முடிவை எல்லாரும் வரவேற்கவில்லை. ஆங்கிலம் இன்றி அரசுப் பணி கிடைக்காதே என்று இளைஞர்கள் கலங்கினர். அவர்களின் கலக்கத்தில் நியாயம் இருந்தது. கிறீன் முன் நின்ற வினா எளியதன்று. மாணவனின் முன்னேற்றத்திற்கு வழி எது? ஊராரின் நலத்திற்கு வழி எது? இரண்டும் வெவ்வேறு திசையில் சென்றபொழுது, அவர் ஊராரின் பக்கம் நின்றார். தமிழில் கற்றவர் தமிழருடனேயே தங்குவர் என்று நம்பினார். தம் மாணவர் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

பத்தாண்டு உழைப்பு அவர் உடலைத் தளரச் செய்தது. ஓய்வுக்காகத் தாயகம் சென்றவர், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்துகொண்டு, அவ்வாண்டிலேயே மீண்டும் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864இல் தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சிற்றூர் இளைஞர்கள், எலும்பு, நரம்பு, குருதி ஆகியவற்றின் இயல்பைத் தம் தாய் பேசிய மொழியிலேயே கற்கத் தொடங்கினர்.

கிறீனிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

சொல் தேடிய பணி

கற்பிக்க முடிவு செய்தால் போதாது; கற்பதற்கு நூல் வேண்டும். கிறீனின் முதல் பெருநூல் 1852இல் வெளிவந்தது. உடலின் அமைப்பு, இயக்கம், நலம் ஆகியவற்றைக் குறித்துக் கால்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. 1857இல் மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம் வெளிவந்தது. அறுவை மருத்துவத்திற்கு இரணவைத்தியம் என்னும் நூல் 1867இல் தோன்றியது.

இலண்டனில் ஹென்றி கிரே என்பார் எழுதிய உடற்கூற்று நூல் 1858இல் முதன்முதலில் வெளிவந்தது. உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் பயிலும் புகழ்பெற்ற நூல் அது. அந்நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் தமிழில் வந்துவிட்டது. இலண்டன் மாணவர் கற்ற நூலைப் பதினான்கே ஆண்டுகளில் மானிப்பாய் மாணவர் தமிழில் கற்றனர். அவ்வாண்டிலேயே வைத்தியாகரம் என்னும் பொது மருத்துவ நூலும், 1875இல் வேதியியல் பற்றிய கெமிஸ்தம் என்னும் நூலும் வெளிவந்தன. நூல்களை அச்சிடும் பணியில் நாகர்கோவிலில் இருந்த அச்சகமும் பங்கேற்றது. கிறீன் இயற்றியும் மொழிபெயர்த்தும் திருத்தியும் வெளியிட்ட மருத்துவத் தமிழ் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் ஆகும்.

இப்பணியைக் கிறீன் தனியே செய்யவில்லை. டான்வர்த், பால், சாப்மன் முதலிய அவருடைய மாணவர்களும் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டனர். மாணவர் எழுதுவர், ஆசிரியர் மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்துவார். இவ்வாறு திருத்தம் பெற்ற பின்னரே நூல் அச்சேறியது.

மொழிபெயர்ப்பில் எழுந்த பெரும் இடர் கலைச்சொற்களே. மனித உடலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள் உள்ளன. அவற்றின் மேடு, பள்ளம், துளை ஆகியவற்றுக்கெல்லாம் ஆங்கில நூலில் பெயர் உண்டு. தசைகளுக்கும் குருதிக் குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் அவ்வாறே. இவை அனைத்துக்கும் தமிழில் பெயர் காண வேண்டும். கிறீன் முதலில் மக்கள் வழக்கிலும் தமிழ் நூல்களிலும் சொல்லைத் தேடினார். அங்குக் கிடைக்காதபொழுது வடமொழியின் துணையை நாடினார். அதுவும் பொருந்தாதபொழுது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். கெமிஸ்தம் என்பது அவ்வாறு பிறந்த சொல். புண்ணைக் குறிக்கும் இரணம் என்பதோ மக்கள் முன்னரே அறிந்திருந்த சொல். ஆகவே, இரணவைத்தியம் என்று கேட்ட அளவில் அது எதனைப் பற்றிய நூல் என்பது ஊராருக்கும் விளங்கியது.

தாம் கண்ட சொற்களைப் பிறரும் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பிய கிறீன், அவற்றைத் தொகுத்து 1872 முதல் 1875 வரை கலைச்சொல் பட்டியல்களாக வெளியிட்டார். தமிழில் அறிவியல் கலைச்சொல் தொகுப்பு முயற்சிகளுள் இவை மிகவும் முற்பட்டவை.

அவர் ஆண்ட சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதத்தை உடற்கூற்றியல் என்கிறோம். சுகரணத்தை உடலியங்கியல் என்கிறோம். பிரசவ வைத்தியத்தை மகப்பேறு மருத்துவம் என்கிறோம். கெமிஸ்தத்தை வேதியியல் என்கிறோம். சொற்கள் மாறியதால் அவர் முயற்சி வீணாயிற்று என்று கருதுதல் கூடாது. அறிவியலைத் தமிழில் கூற இயலும் என்பதை அவர் செய்து காட்டினார். அதன் பின்னரே, எந்தச் சொல் சிறந்த சொல் என்று ஆராயும் நிலை தோன்றியது.

இறுதிக் காலம்

உடல்நலம் மீண்டும் குன்றியதால் கிறீன் 1873இல் குடும்பத்துடன் யாழ்ப்பாணத்தை விட்டுப் பிரிந்தார். இருமுறையுமாக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தமிழரிடையே வாழ்ந்திருந்தார். வூஸ்டர் சேர்ந்த பின்னரும் தமிழ்ப் பணி நிற்கவில்லை. தமிழ் பேசுவோர் எவரும் அருகில் இல்லாத அப்பண்ணை வீட்டில் அமர்ந்து, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த கைப்படிகளைத் திருத்தி அனுப்பினார். ஒரு திருத்தம் சென்று சேர்ந்து மறுமொழி வரப் பல வாரங்கள் ஆகும். மனித உடலின் இயக்கத்தைக் கூறும் மனுஷ சுகரணம் என்னும் நூல் இவ்வாறு உருவாகி, 1883இல் வெளிவந்தது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் கிறீன் தாம் பிறந்த ஊரில் மறைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 61. தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்த சமயப்பணியாளர் என்னும் பொருள்பட அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழரையே காணாத அவ்வூரின் கல்லறைத் தோட்டத்தில், தமிழர் என்னும் பெயர் தம் பெயருடன் நிற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

எஞ்சியவை

கிறீன் மறைந்த பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் இயங்கியது. அரசின் ஏற்பும் பணிவாய்ப்பும் அங்குக் கற்றவர்க்கே கிடைத்தன. ஒரு தனிமனிதரின் உழைப்பால் தொடங்கிய பணி, அரசின் துணையின்றித் தொடர இயலவில்லை. கிறீனின் முயற்சியில் வெற்றியும் உண்டு. நிறைவேறாத பகுதியும் உண்டு. இரண்டையும் அறிதலே வரலாற்றை அறிதலாகும்.

எஞ்சியவையும் பல. மானிப்பாயில் அவர் நடத்திய மருந்தகம், கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயருடன் இன்றும் நிற்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி அவர் வரலாற்றை ஆராய்ந்து நூல்களாக எழுதி, மறந்துபோன பணியைத் தமிழருக்கு நினைவூட்டினார். அவர் எழுப்பிய வினாவும் இன்னும் உயிருடன் உள்ளது. 2022ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச மாநிலம் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபொழுது, மருத்துவத்தைத் தாய்மொழியில் கற்பிக்கலாமா என்னும் விவாதம் நாடெங்கும் எழுந்தது. கிறீன் அவ்வினாவுக்கு 1864ஆம் ஆண்டிலேயே செயலால் விடை தந்திருந்தார்.

பெங்களூருவின் பெரிய மருத்துவமனைகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒரே கூடத்தில் ஒலிக்கின்றன. அங்கு மருத்துவருக்கும் பாட்டிக்கும் நடுவே நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் சிறுவர் சிறுமியர் பலர். வயிறு கடுக்கிறது என்று பாட்டி சொன்னதை மருத்துவருக்குச் சரியாக விளக்க வேண்டுமானால், கடுப்பிற்கும் எரிச்சலுக்கும் உள்ள வேறுபாடு அச்சிறுவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை அறிவதற்காகவே ஒருவர் கடல் கடந்து வந்து தமிழ் கற்றார். வீட்டில் கேட்கும் தமிழ், வீட்டிற்கு மட்டும் உரியதன்று. நூலுக்கும் அறிவியலுக்கும் உயிர் காக்கும் பணிக்கும் உரியது என்பதைக் கிறீனின் வாழ்வு உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
பெயர்த்தி – மகன் அல்லது மகளின் மகள்
குருதி – இரத்தம்
இரணம் – புண்
வாந்திபேதி – காலரா
நெடிது – நீண்ட நேரம், நீளமாக
கலைச்சொல் – ஒரு துறைக்கே உரிய சிறப்புச் சொல்
கைப்படி – அச்சிடுவதற்கு முன் கையால் எழுதிய படி
அயலார் – பிற நாட்டார், பிறர்
தினவு – அரிப்பு

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கிறீன் மருந்தகம் நடத்திய ஊர்
(க) வேலூர் (ங) மானிப்பாய் (ச) நாகர்கோவில் (ஞ) கொழும்பு

2. தமிழ்வழி மருத்துவ வகுப்பு தொடங்கிய ஆண்டு
(க) 1848 (ங) 1855 (ச) 1864 (ஞ) 1873

3. இரணவைத்தியம் என்னும் நூல் கூறுவது
(க) மகப்பேறு (ங) வேதியியல் (ச) உடற்கூறு (ஞ) அறுவை மருத்துவம்

ஆ. பொருத்துக.

1. அங்காதிபாதம் – வேதியியல்
2. சுகரணம் – மகப்பேறு மருத்துவம்
3. கெமிஸ்தம் – உடற்கூற்றியல்
4. பிரசவ வைத்தியம் – உடலியங்கியல்

இ. இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடை எழுதுக.

1. மக்கள் தொடக்கத்தில் கிறீனிடம் வர அஞ்சியது ஏன்?
2. கலைச்சொற்களைக் காணக் கிறீன் பின்பற்றிய முறை யாது?
3. கிறீன் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ்ப் பணியை எவ்வாறு தொடர்ந்தார்?

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. ஆங்கிலவழியைக் கைவிட்டுத் தமிழ்வழியைக் கிறீன் தேர்ந்த காரணங்களை விளக்குக.
2. தமிழில் கற்றால் அரசுப் பணி கிடைக்காது என்று மாணவர் கலங்கினர். தமிழில் கற்றவரே ஊரில் தங்குவர் என்று கிறீன் நம்பினார். இவ்விரு கருத்துகளையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.

உ. மொழியை ஆள்வோம்

குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல் ஆகிய சொற்களை வெவ்வேறு தொடர்களில் அமைத்து எழுதுக.

ஊ. செயல்திட்டம்

உடல் உறுப்புகள், நோய்கள் ஆகியவற்றின் பெயர்களுள் இருபதினை உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் தொகுக்க. அவற்றுக்கு ஈடான கன்னடச் சொற்களை உம் கன்னட நண்பரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதுக. இரு மொழிகளிலும் ஒத்த சொற்களுக்கு அடிக்கோடிடுக.